பெர்லின் நகரமும் பிரயாணிகளுக்குக் கூறும் எச்சரிக்கையும்

ஜெர்மனி தேசத்துக்குக் கல்வியின் பொருட்டுச் செல்லும் இந்திய மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அங்குப் பயிலும் அந்நிய நாட்டு மாணவருள் இன்று நம் நாட்டாரே முதலிடம் பெற்றிருக்கின்றனர். மக்களைக் காணப் பெற்றோர் செல்கின்றனர். உத்தியோக நிமித்தம் செல்வோரும், ஊர் பார்க்கச் செல்வோரும் உளர். அவர்களுள் தலைநகராகிய பெர்லினைக் காண விரும்பாதார் சிலரே. ஆதலின், அந்நகருக்குப் புறப்படுவோர்க்கு வழக்கமாகக் கூறப்படும் எச்சரிக்கைகளைக் குறித்துச் சிறிது ஆராய்தல் பொருத்தமுடைத்தென்று கருதுகின்றோம்.

அவ்வெச்சரிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பணப்பையைக் காத்துக்கொள்க, கூட்டத்தில் நெருக்கி நிற்போரை நம்பற்க, கையெழுத்து வேண்டுமென்று காகிதம் நீட்டுவோரிடம் நில்லாதே செல்க. இவை பொய்யல்ல. அலெக்ஸாந்தர் சதுக்கத்திலும், பெரிய ரயில் நிலையத்திலும், சுரங்க ரயில்களிலும் ஜேப்படித் திருடர் உண்டு. நம்மூர்த் திருவிழாக்களில் மூன்று சீட்டு ஆட்டம் நடத்துவோரைப்போலவே, அங்கும் நடைபாதையில் சிறு மூடிகளைப் பரப்பி, உருண்டை எதன்கீழ் உள்ளதென்று கேட்பவர் உளர். சூழ நின்று வென்றவர்போல் ஆரவாரிப்போரும் அக்கூட்டத்தாரே. திருநெல்வேலியில் ஏமாறாதவன் பெர்லினிலும் ஏமாற வேண்டுவதில்லை. நமது குறை வேறு. பணப்பையைக் காக்கச் சொல்வோர், அப்பையைச் சுமந்து செல்லும் மனிதனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதே அக்குறை.

பெர்லினில் புதியவன் பணம் இழக்கும் வழிகளுள் ஒன்றுக்குத் திருடனே வேண்டுவதில்லை. அந்நகரத்துச் சுரங்க ரயில் நிலையங்களில் வாயிலடைப்பு ஏதுமில்லை. எவரும் தடையின்றி உள்ளே செல்லலாம். நடைமேடை இயந்திரத்தில் சீட்டு வாங்கியவன் கடமை முடிந்ததென்று எண்ணி வண்டியில் ஏறுகின்றான். ஆனால் அருகிலுள்ள சிறு பெட்டியில் அச்சீட்டைச் செருகி நேரமுத்திரை இட்டாலன்றி அது செல்லாது. பரிசோதகர் சாதாரண உடையில் வருவர். கதவு மூடிய பிறகே தம்மை இன்னாரென்று காட்டுவர். முத்திரையில்லாச் சீட்டும் சீட்டின்மையும் அவர்க்கு ஒன்றே. அபராதம் 60 யூரோ. அறியேன் என்பது விடையாகாது. நகரத்தை அ, ஆ, இ என்பதுபோல் மூன்று வட்டங்களாகப் பிரித்திருக்கின்றனர் என்பதும், 2020இல் திறக்கப்பெற்ற விமான நிலையம் மூன்றாம் வட்டத்தில் உள்ளதென்பதும் விமானத்திலிருந்து இறங்குமுன்னரே அறிய வேண்டுவன.

வீதியில் நடப்பதிலும் கற்க வேண்டியது சிறிது உண்டு. நடைபாதையின் ஒரு பகுதி சைக்கிள்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் அது செந்நிறக் கல்லாலானது. அதன்மேல் நின்று படமெடுப்பவனுக்கு முதலில் மணியோசையும் பின்னர் வசையும் கிடைக்கும். விரைந்து வரும் சைக்கிள் மோதிக் காயமுறுவதும் உண்டு. சிவப்பு விளக்கு எரியுங்கால், வண்டி ஒன்றும் வாராவிடினும் மக்கள் நிற்பர். சிறுவர் அருகிருப்பின் கடப்பவன் கண்டிக்கப்படுவான். அவ்விளக்கில் தொப்பியணிந்து தோன்றும் சிறு மனிதனை 1961இல் கிழக்கு ஜெர்மனியில் கார்ல் பெக்லாவ் என்பார் அமைத்தார். இரு ஜெர்மனிகளும் ஒன்றான பின்னரும் அவ்வுருவத்தை நீக்க மக்கள் ஒருப்படவில்லை. நமக்கும் அது பிடித்திருக்கின்றது.

இனி, இலேசாகக் கருதலாகாத விஷயம் ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சீன தேசத்துப் பிரயாணிகள் இருவர் பாராளுமன்ற மாளிகையின் முன் நின்று, ஹிட்லர் கட்சியார் செய்த வணக்கத்தைப்போல் கையை நீட்டிப் படமெடுத்துக்கொண்டனர். போலீஸார் அவர்களைப் பிடித்துச் சென்று, தலைக்கு 500 யூரோ ஜாமீன் பெற்றே விடுத்தனர். அந்நாட்டுக் குற்றச் சட்டத்தின் 86அ பிரிவின்படி, நாஜிக் கட்சியின் அடையாளங்களைப் பொதுவிடத்தில் காட்டுவோர்க்கு அபராதமோ, மூன்றாண்டு வரை சிறைவாசமோ விதிக்கலாம். நகைப்புக்கென்று செய்தேன் என்று தப்பிக்கொள்ளுதல் எளிதன்று.

இது நம்மவரைத் தனியே தொடுவதொன்று. நம் நாட்டில் கணக்குப் புத்தகத்தின் முகப்பிலும், கதவு நிலையிலும், கழுத்துப் பதக்கத்திலும் சுவஸ்திகம் மங்கலச் சின்னமாக விளங்குகின்றது. அதைச் சமயக் குறியாகக் கொள்வோரை ஒடுக்குதல் அச்சட்டத்தின் நோக்கமன்று. எனினும், அறுபது இலட்சம் யூதரை அழித்த ஆட்சியின் கொடியாகவே அக்குறியை அறிந்த ஒரு மூதாட்டி, ரயிலில் எதிரே அமர்ந்து அதனைப் பார்க்க நேரின், அவர் உள்ளம் என்னவாகும்? அவரிடம் நம் சின்னத்தின் பழமையை விளக்குவதற்கு மொழியும் இல்லை, நேரமும் இல்லை. பதக்கத்தை உள்ளாடைக்குள் இட்டுக்கொள்வதால் நமக்கு யாதொரு நஷ்டமுமில்லை. இதனை எந்த எச்சரிக்கைப் பட்டியலிலும் சேர்க்கத் தயங்கலாகாது.

யூதர் நினைவிடத்தைப் பற்றியும் இவ்வாறே. 2005ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்விடத்தில் 2,711 கற்கள் வயல் வரப்புக்கள்போல் வரிசையாய் நிற்கின்றன. கல்லுக்குக் கல் தாவுதல் கூடாதென்று விதி எழுதியிருக்கின்றது, தாவுவோரும் இருக்கின்றனர். அதனை அமைத்த பீட்டர் ஐஸன்மன் என்னும் சிற்பியோ, மக்கள் அங்கு உண்பதையும் வெயில் காய்வதையும் பெரிதாக எண்ணவில்லை. அவர் பெருந்தன்மை அவர்க்குரியது. விருந்தினராய்ச் சென்ற நாம் அதனைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

இவ்வளவும் நம்மால் பிறர்க்கு நேரக்கூடிய தீங்கு. பிறரால் நமக்கு நேரக்கூடியதைப் பற்றி என் செய்வது? இங்கேதான் வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகக் கால்பந்துப் போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, முன்னாள் அரசாங்கப் பேச்சாளராகிய ஊவே-கார்ஸ்டன் ஹையே என்பவர், பெர்லினைச் சூழ்ந்துள்ள பிராந்தன்புர்க் மாகாணத்தின் சில சிற்றூர்களுக்குச் செல்லவேண்டாமென்று வேற்று நிறத்தாருக்கு யோசனை கூறினார். சென்றால் உயிருடன் மீளாதுபோகலாம் என்றும் சொன்னார். மாகாணத் தலைவர்கள் சினந்தனர். ஊரின் பெயர் கெடுவதாய்க் குறை கூறினர். அவரும் பின்னர்த் தம் சொல்லைச் சற்று மட்டுப்படுத்தினார். 2024 நவம்பரில், பெர்லின் போலீஸ் தலைவியாகிய பார்பரா ஸ்லோவிக், நகரத்தின் சில பகுதிகளில் யூதத் தொப்பி அணிவோரும், தம் பால்விருப்பத்தை வெளிப்படையாய்க் காட்டுவோரும் கூடுதல் கவனத்துடன் இருத்தல் நலம் என்றார். அவரையும் கடிந்தோர் பலர்.

இவர்கள் கூறியதன் அளவைப் பற்றி வாதிக்கலாம். ஹையேயின் சொற்கள் மிகையென்றே நாமும் எண்ணுகின்றோம். ஆயினும், சொல்லாமை ஊரின் மானத்தைக் காப்பதன்றி, பிரயாணியைக் காப்பதில்லை. வழிகாட்டி நூல்கள் கருதும் பிரயாணி வெண்ணிறத்தான். அவனிடம் பறிப்பதற்கு உள்ளது பணப்பை ஒன்றே. கருநிற மாணவன் நள்ளிரவு ரயிலில் தனியே அமர்ந்திருக்குங்கால், குடித்த கூட்டமொன்று பெட்டியில் ஏறின், அவன் செய்யத்தக்கது யாதென்பதை அந்நூல்கள் கூறா. நாம் கூறுவோம்: அடுத்த நிலையத்தில் இறங்கி, மக்கள் மிகுந்த பெட்டிக்கு மாறுக, மறுமொழி கூறி மானத்தைக் காக்க முயலற்க, தீங்கு நேரின் 110 என்னும் எண்ணில் போலீஸாரை அழைக்க, காயமுற்றால் 112. இவ்விரண்டுக்கும் கட்டணமில்லை.

இங்ஙனம் எழுதுவதால் மாணவர் அஞ்சி நின்றுவிடுவர் என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கூறினார். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. கடலோரத்தார் சுழல் உள்ள இடத்தைச் சொல்லியே பிள்ளைகளை நீந்த விடுகின்றனர். பெர்லினில் பல்லாயிரம் நம் நாட்டார் அமைதியுடன் வாழ்ந்து, படித்து, ஊதியம் பெற்று வருகின்றனர் என்பதும் உண்மை. அவர்களுள் நள்ளிரவு ரயிலில் ஒருமுறையேனும் நெஞ்சு படபடத்தவர் இருப்பர் என்பதும் நம் துணிபு.

ஆதலின் நாம் வேண்டுவது இது. நம் கல்லூரியின் பழைய மாணவர் அந்நகரில் இருப்பின், அரண்மனைகளைப் பற்றி எழுதுவதோடு, எந்த நிலையம் எந்த நேரத்தில் எவ்வாறிருக்கும், வீட்டுக்காரர் எவ்வாறு நடத்தினர், உதவி கேட்டபோது யார் நின்றனர், யார் முகம் திருப்பினர் என்பவற்றையும் இப்பத்திரிகைக்கு எழுதுவாராக. டிசம்பர் மாதத்தில் அங்கு மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கடிதம் எழுதுவதற்கு நீண்ட மாலைப்பொழுது அவர்களுக்கு உண்டு.