‘அம்மா, நான்தான் பேசறேன்’

தமிழ் வீடுகளில் பிள்ளைகள் அம்மாவுக்குப் போன் செய்யும்போது பெயர் சொல்வதில்லை. ‘அம்மா, நான்தான்’ என்பார்கள். ‘யாரு, ரவியா? சாப்பிட்டியாடா?’ என்று அம்மா பேச்சைத் தொடங்குவார். கூப்பிட்டவர் சொல்லாத பெயரை அம்மாவே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இவ்வளவு காலமும் அதில் ஓர் ஆபத்தும் இருந்ததில்லை. பெற்ற பிள்ளையின் குரலுக்கு மேல் வேறு சாட்சி எதற்கு?

இன்று அந்தக் குரலையே நகல் எடுக்க முடிகிறது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ‘வால்-ஈ’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை அறிமுகப்படுத்தினார்கள். ஒருவர் மூன்று விநாடி பேசிய பதிவு இருந்தால் போதும், அவர் பேசாத வாக்கியங்களையும் அவர் குரலிலேயே அது பேசிக் காட்டியது. தீயவர் கையில் சிக்கும் என்று அஞ்சி அவர்கள் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறு கருவிகள் இணையத்தில் குறைந்த செலவில் கிடைக்கின்றன. மூன்று விநாடிக் குரலுக்காகத் திருடன் அலைய வேண்டியதும் இல்லை. இன்ஸ்டாகிராமில் போட்ட கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு வரியே தாராளம்.

பாதுகாப்பு மென்பொருள் விற்கும் மெக்காஃபி நிறுவனம் அதே ஆண்டில் ஏழு நாடுகளில் 7,000 பேரிடம் கருத்துக் கேட்டது. இந்தியாவில் பதில் சொன்னவர்களில் 47 சதவீதம் பேர், இத்தகைய குரல் மோசடி தங்களுக்கோ தெரிந்த ஒருவருக்கோ நேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

மும்பை வடாலாவில் வாழும் தமிழ் முதியவர்களுக்கு இது நேரடியான கவலை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் வடாலா, ஆண்டாப் ஹில், மாட்டுங்கா, செம்பூர் எங்கும் இருக்கிறார்கள். எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். பள்ளிக்கு அவர்கள் கைப்பிடித்து அழைத்துப்போன பிள்ளைகளில் பலர் இன்று துபாயிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் குடும்பம் நடத்துகிறார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை நேரில் வருவார்கள். மற்ற நாளெல்லாம் பிள்ளை என்பது இரவு ஒன்பது மணிக்குப் போனில் கேட்கும் குரல்தான். அந்தக் குரலைத் திருடுகிறவன் அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் உறவையே திருடுகிறான்.

இந்த ஆபத்தை எதிர்கொள்ள முதியவர்களுக்கு நாம் சொல்வதெல்லாம் ‘உஷாராக இருங்கள்’ என்ற ஒரே அறிவுரைதான். உஷாராக இருந்த ஒருவருக்கு என்ன நடந்தது என்பதைக் கோழிக்கோட்டில் பார்க்கலாம்.

2023 ஜூலையில் அந்த ஊரில் 70 வயதைத் தாண்டிய, கோல் இந்தியாவில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த பழைய சக ஊழியரின் பெயர், அவருடைய படம், குடும்ப விசாரிப்பு என எல்லாம் சரியாக இருந்தன. பிறகு அழைப்பு வந்தது. துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும், உறவுக்காரப் பெண்ணுக்கு மும்பை மருத்துவமனையில் அவசர அறுவைச் சிகிச்சை என்றும், 40,000 ரூபாய் உடனே வேண்டும் என்றும் அந்தக் குரல் சொன்னது. பெரியவர் உடனே அனுப்பிவிடவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வீடியோ அழைப்பு வந்தது. சில விநாடிகளே நீடித்தது. திரையில் அதே நண்பரின் முகம். கண் அசைந்தது, உதடு அசைந்தது. அவர் பணத்தை அனுப்பினார்.

இதைவிட உஷாராக ஒருவர் எப்படி இருக்க முடியும்? குரலைக் கேட்டார், சந்தேகப்பட்டார், முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். குரலும் பொய், முகமும் பொய்.

அவரைக் காப்பாற்றியது அடுத்து அவர் செய்த இரண்டு காரியங்கள். இன்னும் 35,000 ரூபாய் வேண்டும் என்று மறுபடி கேட்டபோது, தன்னிடம் முன்பிருந்தே இருந்த நண்பரின் எண்ணைத் தேடி எடுத்துத் தானே கூப்பிட்டார். நண்பருக்கு எதுவுமே தெரியவில்லை. உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தார். கேரளக் காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்தபோது, அது மகாராஷ்டிரத்தில் ஒரு தனியார் வங்கிக் கணக்கில் இருந்தது. கணக்கு முடக்கப்பட்டு, பணம் மீட்கப்பட்டது. இப்படிச் செயற்கை நுண்ணறிவால் முகத்தையும் குரலையும் போலியாக்கும் ‘டீப்ஃபேக்’ மோசடியில் கேரளத்தில் பதிவான முதல் வழக்கு இதுதான்.

மும்பையில் 2024இல் நடந்த இதே போன்ற மோசடியில் அறுவைச் சிகிச்சைக்குப் பதிலாகச் சிறை வந்தது. துபாயில் உள்ள இந்தியத் தூதரகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னவன், ‘உங்கள் மகன் சிறையில் இருக்கிறான், ஜாமீனுக்குப் பணம் வேண்டும்’ என்று ஒரு தந்தையை மிரட்டினான். நடுவில் மகனின் அழுகுரலும் கேட்டது. தந்தை 80,000 ரூபாய் அனுப்பினார். மகன் பத்திரமாக இருப்பது பிறகுதான் தெரிந்தது.

வயதானவர்களுக்கு விவரம் போதாது என்று இளையவர்கள் சொல்வதற்கு இதில் இடமே இல்லை. 2024 தொடக்கத்தில் அரூப் என்ற உலகப் பெயர்பெற்ற கட்டடப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில், நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளின் போலி முகங்களை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை மாற்றிக் கொடுத்துவிட்டார். அலுவலகமே ஏமாறுகிறது. கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் பாட்டியிடம் ‘திரையில் கண் சிமிட்டுகிறதா, உதடு பொருந்துகிறதா என்று பாருங்கள்’ என்று கற்றுக்கொடுப்பதில் என்ன நியாயம்? காதும் அப்படித்தான். சாதாரணத் தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டும் கடத்தும் அளவுக்கே அமைக்கப்பட்டது. போலிக் குரலில் இருக்கும் சின்னச் சின்னப் பிசிறுகள் அந்தக் குறுகிய வழியில் காணாமல் போகின்றன. மிச்சத்தைப் பாசம் நிரப்பிக்கொள்கிறது.

இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஓராண்டில் மூன்று மடங்கு. இதில் எல்லாமே செயற்கை நுண்ணறிவின் வேலை அல்ல. போலீஸ் வேடம், நீதிபதி வேடம் போட்டு ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீட்டுக்குள்ளேயே முடக்கிப்போடும் பழைய ஆள்மாறாட்டமும் சேர்ந்ததுதான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனித்தால், முதியவர்களுக்கு எங்கே காவல் தேவை என்பது தெளிவாகும்.

தென்மும்பையில் 86 வயதுப் பெண் ஒருவரை 2024 டிசம்பர் 26 முதல் 2025 மார்ச் 3 வரை, இரண்டு மாதத்துக்கும் மேலாக, போலி அதிகாரிகள் போனிலேயே பிடித்துவைத்திருந்தார்கள். அவருடைய ஆதாரைப் பயன்படுத்திக் கறுப்புப் பணக் கணக்கு தொடங்கப்பட்டிருப்பதாக மிரட்டினார்கள். குடும்பத்தையும் வழக்கில் சேர்ப்போம் என்றார்கள். அவர் 20 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார். இந்த இரண்டு மாதமும் எத்தனையோ முறை பணம் வங்கியைத் தாண்டிப் போனது. அவரிடம் ஏதோ சரியில்லை என்பதை முதலில் கவனித்தது வங்கி இல்லை, அந்த வீட்டில் வேலைபார்த்த பெண். அம்மா சாப்பிட மட்டும் வெளியே வருகிறார், மற்ற நேரமெல்லாம் அறைக்குள்ளேயே இருக்கிறார், யாரிடமோ சத்தம் போடுகிறார் என்று மகளிடம் போய்ச் சொன்னார்.

மும்பையில் ‘பாயி’ என்று கூப்பிடப்படும் வேலைக்காரப் பெண்ணின் கண்ணில் பட்ட மாற்றம், கோடிக்கணக்கில் பணத்தைக் கையாளும் அமைப்பின் கண்ணில் படாமல் போனது ஏன்? அமைப்பு பார்க்க நினைத்தால் அதற்கும் தெரியும். 2024 நவம்பரில் ஹைதராபாதில் ஸ்டேட் வங்கிக் கிளைக்கு 61 வயது மருத்துவர் ஒருவர் வைப்புத்தொகையை உடைத்து 13 லட்சம் ரூபாய் அனுப்ப வந்தார். வீடு வாங்க என்று சொன்னார். அவர் பதற்றமாக இருப்பதை ஊழியர் கவனித்தார். மேலாளரும் சேர்ந்து பேசி, வேண்டுமென்றே தாமதப்படுத்தி, கடைசியில் 1930இல் பேசவைத்தார்கள். அவரும் டிஜிட்டல் அரெஸ்டில்தான் இருந்தார். பணம் கிளையை விட்டுப் போகவே இல்லை.

ஆக, திருடனுக்கு வேண்டியவை வேகமும் ரகசியமும். ‘இப்பவே அனுப்பு, யாரிடமும் சொல்லாதே’ என்ற இரண்டு கட்டளைகள் இல்லாமல் இந்த மோசடிகள் பெரும்பாலும் நடப்பதில்லை. முதல் கட்டளையை முறிக்க வேண்டியது வங்கி. இரண்டாவதை முறிக்க வேண்டியது குடும்பம். இந்த இரண்டு பொறுப்புகளையும் முதியவர் தலையில் வைத்துவிட்டு, ஏமாந்தபின் அவரையே திட்டுவதை நிறுத்த வேண்டும்.

வங்கிகளைக் கொண்டு இதைச் செய்விக்க முடியும் என்று மற்ற நாடுகள் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு ஒருவர் தானே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கும் வலிக்கும் ஏற்பாடு இது. சிங்கப்பூரில் 2025 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தான் ஏமாற்றப்படுவதை நம்ப மறுக்கும் ஒருவரின் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைத் தடுக்கக் காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம். நம் நாட்டில் 2026 பிப்ரவரியில்தான் ரிசர்வ் வங்கி, முதியவர்கள் போன்றோரின் பரிமாற்றங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பும், பணம் போய்ச் சேர ஒரு தாமதமும் வைப்பது பற்றிப் பேசத் தொடங்கியது. பேச்சு விதியாக மாற வேண்டும். 75 வயதுக்காரர், இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பாத கணக்குக்குத் திடீரென்று ஐந்து லட்சம் அனுப்பினால், அந்தப் பணம் ஒரு நாள் காத்திருப்பதால் யாருக்கும் எதுவும் கெட்டுவிடாது. உண்மையான மருத்துவச் செலவுக்கு மருத்துவமனையின் கணக்குக்கே நேரடியாகப் பணம் கட்டும் வழி இருக்கவே இருக்கிறது.

இனி குடும்பம். வீட்டுக்குள் ஒரு கேள்வியை முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. பிறந்த தேதி, பள்ளிப் பெயர் எல்லாம் ஃபேஸ்புக்கில் கிடைக்கும். ‘தாத்தா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?’, ‘ஆண்டாப் ஹில் வீட்டில் ஆட்டுக்கல் எந்த மூலையில் கிடந்தது?’ போன்றவை எந்த இணையத்திலும் இல்லை. பணம் என்ற பேச்சு வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், பதில் எதுவானாலும் போனை வைத்துவிட்டுப் பழைய எண்ணில் திருப்பிக் கூப்பிட வேண்டும். முக்கியமாக, இதைப் பிள்ளைகள்தான் தொடங்கிவைக்க வேண்டும். ‘அம்மா, நான் எப்ப பணம் கேட்டாலும் நீ கட் பண்ணிட்டுத் திருப்பிக் கூப்பிடு, எனக்குக் கோபமே வராது’ என்று மகன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், அம்மாவுக்கு மகனைச் சந்தேகப்படுகிறோமே என்ற குற்ற உணர்வு இருக்காது.

அதைவிடப் பெரிய உதவி, ஏமாந்துவிட்ட பின் செய்ய வேண்டியது. ‘படிச்சவர்தானே, இப்படியா ஏமாறுவீங்க?’ என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து எத்தனையோ பெரியவர்கள் நாள்கணக்கில் வாயே திறப்பதில்லை. கோழிக்கோட்டுக்காரருக்குப் பணம் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம் அவர் உடனே புகார் செய்ததுதான். திருடன் பணத்தைக் கணக்குக்குக் கணக்கு மாற்றிக்கொண்டிருக்கும் முதல் சில மணி நேரத்தில் 1930க்குத் தகவல் போனால் அதை வழியிலேயே நிறுத்த முடியும். வீட்டில் திட்டு விழும் என்ற பயம் அந்த மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

வங்கியும் குடும்பமும் கைகோர்க்கும் இந்த வேலையை வடாலாவில் தொடங்க ஒரு நல்ல நாள் ஏற்கெனவே இருக்கிறது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ்வுச் சான்று தருகிறார்கள். 80 வயதைத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் முதலே தரலாம். வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிச் சான்று தரும் செயலி வந்துவிட்டாலும், பலர் இன்னும் வங்கிப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளைக்கே வருகிறார்கள். அந்த ஒரு நாளில் வங்கி அவரை நேரில் பார்க்கிறது. அந்தப் படிவத்தில் ஒரு வரி கூடினால் போதும்: ‘உங்கள் கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகை போனால் யாரைக் கூப்பிட வேண்டும்?’ அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனங்கள் 2018 முதல் வாடிக்கையாளரிடம் இப்படி ஒரு நம்பிக்கைக்குரியவரின் பெயரைக் கேட்டு வாங்க முயல வேண்டும் என்ற விதி இருக்கிறது. நம் வங்கிகளுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. பேனா கவுண்டரிலேயே நூலில் கட்டித் தொங்குகிறது.

அந்த வரியில் அம்மா ரவியின் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டு வரட்டும். அன்று இரவு ஒன்பது மணிக்குப் போன் அடிக்கும்போது, ‘யாரு?’ என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருக்கட்டும். பெயரை ரவி சொல்லட்டும்.