கரையில் கிடக்கும் பங்காளி

சைக்கிள் பந்தயத்துக்கும் இராமேசுவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கால் எலும்புதான் சம்பந்தம்.

2019 ஜூன் 12 அன்று பிரான்சில், ரோவான் என்ற ஊரில், கிறிஸ் புரூம் என்னும் பெயர்பெற்ற சைக்கிள் வீரர் பந்தயப் பாதையைப் பழகிப் பார்க்கையில் சுவரில் மோதித் தொடையெலும்பை முறித்துக்கொண்டார். முழங்கையும் விலாவும் சேர்ந்தே போயின. மறுபடி அவர் பந்தயத்தில் இறங்கியது அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான். அவர் பணக்காரர், அவரை விடுங்கள். அந்த முதல் தரக் குழுக்களில் பெயர் தெரியாமல் பின்னால் வரும் வீரனுக்கும், காயம்பட்டுப் படுத்தால் இத்தனை மாதம் வரை சம்பளத்தை அடியோடு நிறுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஓடாத காலுக்கும் கூலி உண்டு. அது ஓடுகையில் விழுந்த கால் அல்லவா?

இப்போது நம் விசைப்படகுக்கு வாருங்கள். வலை இழுக்கும்போது இரும்பு வடம் தெறிக்கிறது, அல்லது வலைப் பலகை சரிந்து ஒருவன் காலில் விழுகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். முதலாளி கைச்செலவுக்குக் கொடுப்பவராயிருந்தால் கொடுப்பார். அடுத்த முறை படகு கிளம்பும்போது அவன் இடத்தில் வேறொருவன் ஏறுகிறான். பங்கும் அவனோடு ஏறிப் போய்விடுகிறது. முன்பணமாக வாங்கிய கடன் மட்டும் பழைய ஆளிடமே கிடக்கிறது. கேட்டால், “அவன் கூலியாள் இல்லையே, பங்காளியாயிற்றே!” என்கிறார்கள். அழகான வார்த்தை. டீசலுக்கும் ஐஸுக்கும் கழிக்கையில் பங்காளி. கால் முறிந்தால் அந்நியன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மத்திய மீன்வளத் திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் செத்தால் 5 லட்சம். முழு ஊனமானாலும் அதே தொகை. பாதி ஊனத்துக்கு 2½ லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. சரி, ஊனமும் இல்லாமல் உயிரும் போகாமல், நாலைந்து மாதம் படுத்துத் தேறி எழுகிறவனுக்கு? ஆஸ்பத்திரிச் செலவோடு கணக்கு முடிந்தது. அந்த நாலைந்து மாதமும் அவன் வீட்டில் உலை வைக்க வேண்டாம் போலிருக்கிறது! தொழிற்சாலை ஊழியன் என்றால் ஈ.எஸ்.ஐ.யில் அந்த நாட்களுக்குக் கூலியில் 90 சதவிகிதம் கிடைக்கும். 1923-ல், வெள்ளைக்காரன் போட்ட சட்டமே தற்காலிகமாக முடங்கிய தொழிலாளிக்குப் படி உண்டு என்று ஒப்புக்கொண்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலங்கைச் சிறையில் அடைபட்டவன் குடும்பத்துக்கு அரசு நாள்படி தருகிறது. தரத்தான் வேண்டும். அதே மனிதன் சொந்தத் திண்ணையில் மாவுக்கட்டோடு கிடந்தால் நாள்படி கிடையாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று கடலுக்கு ஓய்வு விடுகிறோம், நிவாரணமும் கொடுக்கிறோம். மீனுக்குத் தெரிந்த நியாயம் எலும்புக்குத் தெரியக்கூடாதா?

படகுக்காரர்கள் பக்கமும் துன்பம் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிய படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் முதலாளியும் தெருவில்தான் நிற்கிறார். ஆகவே அவர் ஒருவர் தலையிலேயே முழுச் சுமையையும் வைக்கச் சொல்லவில்லை. கடலோரத்துப் பாறைகளில் பாசி எடுக்கும் பெண்களுக்கு முதலாளி என்று ஒருவரே இல்லை. பாதம் கிழிந்தால் யாரிடம் போய்ப் பங்கு கேட்பாள்? அவளுக்கு அரசுதான் வழி சொல்ல வேண்டும்.

படகு விஷயம் அப்படியல்ல. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே பங்கிட்டுக்கொண்ட கரை இது. ஒவ்வொரு பாட்டிலும் செலவு கழித்த பிறகு சங்கத்தின் பேருக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கட்டும். அதிலிருந்து, காயம்பட்டவன் மறுபடி படகேறும் வரை பாதிப் பங்கு அவன் வீட்டுக்குப் போகட்டும். அதுவரை முன்பணத்தைக் கேட்டு யாரும் வாசலில் நிற்க வேண்டாம். தடைக்காலத்தில் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும்போது சங்கத்தில் பேசி இதை எழுதிக் கையெழுத்திடலாம். ஜூன் 15-க்கு முன் அதற்கு ஒரு சாயங்காலம் போதும்.