உயிரோடு இருப்பதை நிரூபி

சென்ற மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பகுதியைப் பார்த்தோம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’, 2003. விண்வெளிக் கப்பல், எந்திர மனிதர்கள், அணுகுண்டு. “இதுக்கும் நமக்கும் என்ன தோழர்?” என்று ஒரு மாணவர் ஆரம்பத்திலேயே கேட்டார். மூன்று மணி நேரம் ஓடி முடிந்த பிறகு அதிகம் சண்டை போட்டவரும் அவர்தான். சண்டை எதற்குத் தெரியுமா? எந்திரங்களை அவர் “அதுங்க” என்றார். பக்கத்தில் இருந்த தோழி “அவங்க” என்றார். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே சொல்லைப் போட்டுத் தப்பிவிடலாம். தமிழில் வாயைத் திறந்தால் திணை சொல்லியாக வேண்டும். பேரன் வயதுள்ள ஆதிக்கசாதிச் சிறுவன் நம் தாத்தாவை “அது வந்துச்சா?” என்று கேட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். திணை என்பது நமக்கு வெறும் இலக்கணம் இல்லை.

தொடரைப் பார்க்காத தோழர்களுக்கு முன்கதை கொஞ்சம். (முடிவுகளும் இங்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) முதல் ‘கலாக்டிகா’ 1978இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. உருவாக்கியவர் கிளென் ஏ. லார்சன். பன்னிரண்டு கோள்களில் வாழும் மனிதர்களை சைலான் என்ற எந்திரப் படை அழிக்கிறது. மிஞ்சியவர்கள் ஒரு போர்க்கப்பலின் காவலில் பூமியைத் தேடி ஓடுகிறார்கள். அந்த எந்திரங்களைப் படைத்தது பல்லி போன்ற ஒரு வேற்றுலக இனம் என்று அதில் சொல்லிவிட்டார்கள். மனிதர்மேல் எந்தப் பழியும் இல்லை. நல்லவர்கள் ஓடுகிறார்கள், கெட்டவர்கள் துரத்துகிறார்கள், அவ்வளவுதான்.

2003 டிசம்பரில் ரொனால்ட் டி. மூர் இதையே புதிதாக எழுதினார். மைக்கேல் ரைமர் இயக்கத்தில் சை-ஃபை சேனலில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பானது. அதற்குக் கிடைத்த வரவேற்பால்தான் பிறகு வாராந்தரத் தொடர் வந்தது. பழைய ரசிகர்கள் எதற்குக் கொதித்தார்கள் என்றால், ஸ்டார்பக் என்ற வீரன் புதிய கதையில் பெண்ணாகிவிட்டாளாம். பழைய ஸ்டார்பக்காக நடித்தவர் எரிச்சலில் கட்டுரையே எழுதினார். ஆனால் உண்மையான மாற்றம், படத்தின் தொடக்கத்தில் திரையில் ஓடும் சில வரிகளில் இருக்கிறது. சைலான்களைப் படைத்தது மனிதர்களே. பன்னிரண்டு கோள்களிலும் மனிதரின் வாழ்க்கையை எளிதாக்குவதற்காக. பிறகு ஒரு நாள் சைலான்கள் தங்கள் எஜமானர்களைக் கொல்ல முடிவெடுத்தார்கள். கவனியுங்கள், மூர் போட்ட சொல் ‘எஜமானர்’. பயனாளர் என்றோ தயாரிப்பாளர் என்றோ பூசி மெழுகவில்லை.

‘ரோபோ’ என்ற சொல்லுக்கே இந்த வரலாறு உண்டு. 1920இல் செக் எழுத்தாளர் காரல் சாபெக் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில்தான் அது பிறந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணையடிமை தன் பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவதும் இதே போன்ற கூலியில்லாக் கட்டாய வேலைதான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ‘பேகார்’ என்று பெயர் சொல்லித் தடை செய்திருப்பதும் இதைத்தான். இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை என்று பொருள். கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பைப் பயனற்றது என்று சொல்லும் மொழியில்தான் நாமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதல் காட்சிக்கு வருவோம். போர் நின்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இரு தரப்பும் சந்திக்க விண்வெளியில் ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மனிதர் தரப்பில் ஓர் அதிகாரி போய் உட்காருகிறார். எதிர் நாற்காலிக்கு யாரும் வருவதில்லை. அவர் மேசையில் குடும்பப் படத்தை வைத்துவிட்டுத் தூங்கி விழுகிறார். அன்று கதவு திறக்கிறது. இரண்டு எந்திர வீரர்கள், அவர்கள் பின்னால் மனித உருவில் ஒரு பெண். அவளும் சைலான். அவர் அருகே வந்து, நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறார். நிரூபி என்கிறாள்.

எங்கள் அறையில் அந்த இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. நிரூபி என்பது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. சான்றிதழைக் காட்டு, தகுதியைக் காட்டு, நீ சுத்தம் என்று காட்டு, உன்னை அடித்தது சாதிக்காகத்தான் என்று காட்டு. கேட்பவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே கேள்வி திரும்பி வருகிறது.

அடுத்து அடாமாவின் உரை. கலாக்டிகா என்ற பழைய கப்பலை அருங்காட்சியகமாக மாற்றும் விழா. தளபதி அடாமா எழுதி வைத்த உரையை விட்டுவிட்டுப் பேசுகிறார். நாம் அழியாமல் இருக்கப் போரிட்டோம், ஆனால் காப்பாற்றப்படும் அளவுக்கு நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்டுக்கொள்ளவில்லை என்கிறார். உயிரைப் படைத்துவிட்டு, அது எதிர்த்து நின்றதும் பழி நமதில்லை என்று கைகழுவினோம் என்கிறார். தொலைக்காட்சியில் ஒரு படைத்தளபதி தன் சொந்தச் சமூகத்தைப் பார்த்து இப்படிக் கேட்பது அபூர்வம். அதற்காகவே இந்தப் பகுதியைப் பார்க்கலாம் என்போம்.

ஆனால் எங்களை அதிகம் பேச வைத்தது வேறொரு காட்சி. காப்ரிகா கோளில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு சிறு விண்கலம் தரையிறங்கியிருக்கிறது, விமானிகள் பூமரும் ஹீலோவும். சுற்றிலும் தப்பி ஓடி வந்த கூட்டம். குழந்தைகளை ஏற்றியபின் மிச்சமிருக்கும் சில இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். கூட்டத்தில் பால்டார் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியும் நிற்கிறார். அவருடைய காதலியாக இருந்தவள்தான் அந்த சைலான் பெண். பாதுகாப்பு வலைப்பின்னலை அவள் உடைக்க வழிவிட்டவர் அவர். விஷயம் தெரிந்ததும் அவர் முதலில் தேடியது வழக்கறிஞரை! கண்ணாடி இல்லாத ஒரு மூதாட்டி தன் சீட்டை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். விழுந்தது அந்தச் சீட்டுக்குத்தான். பால்டார் தயங்குகிறார். அந்த ஒரு நொடி, அவர் முகத்தில் திருட்டு ஓடுவது தெரிகிறது. அதற்குள் ஹீலோ அவரை அடையாளம் கண்டுகொள்கிறான். இவ்வளவு பெரிய மேதையை விட்டுவிட்டு நான் போவதா என்று தன் இடத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டு இறங்கி நிற்கிறான்.

குலுக்கல் யாரையும் பார்க்கவில்லை. ‘தகுதி’ பார்த்தது, அழிவுக்கு வழிவிட்டவனைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தது. ஹீலோ நல்லவன், தியாகி, அதில் சந்தேகம் இல்லை. அவனை ஏமாற்றியது பால்டார்கூட இல்லை, மேதை என்ற சொல்தான். இடஒதுக்கீடு என்றதும் தகுதி போய்விடுமே என்று கவலைப்படும் நண்பர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் காட்சியை ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.

இனி குறைகள். எஜமானர் என்ற சொல்லைத் துணிந்து போட்ட மூர், அந்த எஜமானத்தனத்தை ஒரு நிமிடம்கூடக் காட்டவில்லை. சைலான்கள் என்ன வேலை செய்தார்கள், எந்தச் சுரங்கத்தில், எந்த வீட்டு அடுக்களையில்? மறுத்தால் என்ன நடந்தது? மூன்று மணி நேரத்தில் பதில் இல்லை. குற்றவுணர்வு முழுவதும் அடாமாவின் வாயில் இருக்கிறது, சாட்சியம் சொல்ல ஆளில்லை. மாறாக, அந்தப் பெண் காப்ரிகா சந்தையில் ஒரு கைக்குழந்தையின் கழுத்தை முறிப்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அதன்பின் பார்வையாளர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிமைகளின் கலகத்தை ஆண்டைகள் நினைவில் வைத்திருக்கும் விதம் இதுதான். முந்தைய நூறு வருடம் மறந்துவிடும், அந்த ஓர் இரவு மட்டும் மறக்காது. தொடரில் மனிதர்கள் சைலான்களை ‘டோஸ்டர்’ என்று ஏசுகிறார்கள், ரொட்டி வாட்டும் பெட்டி. கலகம் செய்தவர்களை மறுபடியும் சமையலறைக்கு அனுப்பும் வசவு.

நடிகர் தேர்வையும் சொல்ல வேண்டும். 1978இல் துணைத் தளபதி டையாக நடித்த டெர்ரி கார்ட்டரும், பூமராக நடித்த ஹெர்பர்ட் ஜெபர்சனும் கறுப்பினத்தவர். 2003இல் டை வெள்ளையராகிவிட்டார். பூமராக வந்தது கொரிய வம்சாவளிப் பெண்ணான கிரேஸ் பார்க். அவள்தான் ஒளிந்திருக்கும் எதிரி என்று கடைசிக் காட்சியில் தெரிகிறது. பெண்ணுக்கு விமானி வேடம் கிடைத்தது சரி. கறுப்பின ஆண்கள் இருவர் இடம் இழந்ததை ரசிகர் சண்டையில் எத்தனை பேர் பேசினார்கள்?

அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் மெக்சிகோ வம்சாவளியினர். 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையில் இந்தத் தொடரை முன்வைத்து ஒரு கூட்டம் நடந்தது. ‘இனம்’ என்ற சொல்லால் மனிதரைப் பிரிப்பதை எதிர்த்து அவர் அங்கே கொதித்துப் பேசினார், இருப்பது மனித இனம் ஒன்றே என்றார். அவர் மனம் நமக்குப் புரிகிறது. ஆனால் எல்லோரும் ஒன்று என்ற பேச்சை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம், பெரும்பாலும் கணக்குக் கேட்கும் நேரத்தில். அவர் நடித்த படத்தின் முதல் காட்சியே, அந்த ஒன்றுக்குள் யார் யார் என்றுதான் கேட்கிறது.

எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை. குழந்தையைக் கொன்றவளை எப்படி “அவங்க” என்பது என்கிறார் அந்த மாணவர். கொன்றதால் திணை மாறும் என்றால் முதலில் மாற வேண்டியது யாருடையது என்கிறார் தோழி. இந்தக் கட்டுரையில் நாம் ‘அவர்கள்’ என்றே எழுதியிருக்கிறோம். அடுத்த வாரம் ‘33’ என்ற அடுத்த பகுதியைப் பார்க்கிறோம், அந்த மாணவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.