சிட்னி என்றொரு படம்

பால் தாமஸ் ஆண்டர்சனின் முதல் முழுநீளப் படமான 'ஹார்ட் எய்ட்' (1996) குறித்துத் திரை ஆர்வலர்களிடையே இன்றளவும் ஒருமித்த கருத்தில்லை. 'பூகி நைட்ஸ்', 'தேர் வில் பி பிளட்' ஆகியவற்றில் வியந்து, பின்னோக்கி இப்படத்திற்கு வருவோரில் ஒரு சாரார், "மெதுவாக நகர்கிறது, சூதாட்டப் படத்தில் சூதாட்டமே போதவில்லை" என்று குறைபடுகின்றனர். மற்றொரு சாராருக்கோ அந்த நிதானமே படத்தின் உயிர். எங்கள் சாய்வு இரண்டாம் தரப்பின்பால்தான். எனினும் முதல் தரப்பின் ஏமாற்றத்தை ரசனைக் குறைவென்று ஒதுக்குதல் நேர்மையாகாது. (கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச இயலாது, படம் பாராதோர் பொறுத்தருள்க.)

ஏமாற்றத்தின் வேர் தலைப்பிலேயே இருக்கிறது. இயக்குநர் இட்ட பெயர் 'சிட்னி'. தயாரிப்பு நிறுவனம் படத்தைத் தன் விருப்பப்படி மறுபடி வெட்டித் தொகுத்தது. ஆண்டர்சன் தமது வடிவத்தைக் கான் திரைவிழாவுக்கு அனுப்பினார். 1996இல் அது அங்கே திரையிடப்பட்டது. இறுதியில் அவர் தொகுத்த வடிவமே வெளிவந்தது. பெயரைத்தான் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பகடையின் இரு காய்களிலும் நான்கு விழுந்து எட்டாவதே 'ஹார்ட் எய்ட்'. ஏழோ, வேறு வகை எட்டோ விழுமுன் அது விழவேண்டும். தோற்பதற்குப் பத்து வழிகள், வெல்வதற்கு ஒன்றே. வென்றாலும் விடுதிகள் வழக்கமாகத் தருவது ஒன்றுக்கு ஒன்பது. இத்தகைய பெயரைக் கண்டு வருபவர் மேசையையும் வியர்வையையும் எதிர்பார்ப்பதில் வியப்பென்ன?

சூதாடி என்றதும் நம் மனத்தில் எழுபவன் தருமன்; எல்லாவற்றையும் வைத்திழப்பவன். பிலிப் பேக்கர் ஹால் நடித்த சிட்னி அவனுக்கு நேர் எதிர். நேர்த்தியான உடை, அளந்த பேச்சு. உணவு விடுதியின் வாசலில் திக்கற்று அமர்ந்திருக்கும் ஜானுக்கு (ஜான் சி. ரைலி) அவர் காப்பி வாங்கித் தருகிறார். தாயை அடக்கம் செய்ய ஜானுக்கு 6,000 டாலர் வேண்டும். சிட்னி அவனைச் சூதாட்ட விடுதிக்கு அழைத்துச் சென்று கற்பிப்பது வெல்லும் வித்தையன்று. 150 டாலரையே சில்லாகவும் பணமாகவும் மாற்றி மாற்றிச் சுழற்றி, பெருந்தொகை செலவழித்தவன்போல் கணக்கில் தோன்றி, இலவச அறை பெறும் தந்திரம் அது. அதிர்ஷ்டத்தை நம்பாத மனிதரின் பாடம். படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவென்போம். ஆட்டம் இல்லை என்பவர்கள் இக்காட்சியை மீண்டும் பார்க்கவேண்டும்.

இத்தனை பரிவு எதற்கு? ஜானின் தந்தையைக் கொன்றவர் சிட்னி. அதை அறிந்து மிரட்டுபவன் ஜிம்மி (சாமுவேல் எல். ஜாக்சன்). காரணத்தைக் கடைசிவரை மறைத்தது ஏமாற்று வேலை என்பது பார்வையாளர் சிலரின் குற்றச்சாட்டு. இரண்டாம் முறை பார்க்கையில் அக்குற்றச்சாட்டு நில்லாது. அந்த முதல் காப்பியே கடன் தீர்க்கும் தவணையாகத் தெரியும். உயிருக்கு ஈடாக உயிரைத் தரமுடியாதவர் அறையும் உணவும் துணையும் தந்து பார்க்கிறார். அக்கடனோ குறைவதே இல்லை. படம் ஏன் மெல்ல நடக்கிறது என்பதற்கு இதைவிட விடை வேண்டியதில்லை.

குறையே இல்லை என்று வாதிடவில்லை. ஜிம்மி வந்தபின் கதை பழகிய குற்றப்படத் தடத்தில் இறங்குகிறது. ஹாலின் முகம் அதுவரை சொல்லாமல் சொன்னதை வசனம் விளக்கிச் சொல்லிவிடுகிறது. 26 வயது கூட நிறையாத இயக்குநருக்குத் தம் நடிகரின் மௌனத்தின்மீது முழு நம்பிக்கை அங்கே இல்லை. குறை சொல்பவர்கள் இந்த இடத்தைச் சுட்டினால் நாங்களும் உடன்படுவோம்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஒரு கலைஞரின் முதல் ஆக்கத்தை அவருடைய பிற்காலப் புகழின் அளவுகோலால் அளப்பதும், பிறர் சூட்டிய பெயரை வைத்து எடைபோடுவதும் அதற்கு இழைக்கும் அநீதி. இதைச் 'சிட்னி' என்றே எண்ணிப் பாருங்கள். இறுதிக் காட்சியில் ஜிம்மியைக் கொன்றுவிட்டு அதே உணவு விடுதியில் அமர்ந்திருக்கும் முதியவர், சட்டைக் கைம்முனையில் இரத்தக் கறையைக் காண்கிறார். மேலங்கியின் கையை இழுத்து அதை மூடுகிறார். எந்தப் பகடையும் அங்கே உருளவில்லை. அக்காட்சி உங்களை அசைக்காவிடில், அப்போது குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.