தார்ச்சாலை வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது

மலைக்கிராமத்திலிருந்து கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் பக்கத்தில் ஒரே பேச்சுதான் கிளம்புகிறது. “ரோடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும். பைக் ஆம்புலன்ஸ், சக்கர ஸ்ட்ரெச்சர் என்பதெல்லாம் கண்துடைப்பு. ஏழை என்றால் இரண்டாந்தரம்தானா?” அக்கறையோடு சொல்லப்படுவதால் கேட்பவர்களும் தலையாட்டிவிடுகிறோம். நானும் பல வருடம் ஆட்டியிருக்கிறேன். இன்று அது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் அந்தத் தூளியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். நீள மூங்கில் ஒன்று. அதன் இரு முனையிலும் முடிச்சுப் போட்ட கம்பளி அல்லது சேலை. உள்ளே படுத்தவரின் முதுகு வில்லாக வளைகிறது, முகவாய் நெஞ்சில் முட்டுகிறது. மயங்கிக் கிடப்பவருக்கு அந்தக் கிடையிலேயே மூச்சு அடைபடலாம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தோள் மாற்றிக்கொள்ள இன்னும் நாலைந்து பேர். ரத்தம் போய்க்கொண்டிருந்தால் அழுத்திப் பிடிக்கக்கூட, தூளியை இறக்கி வைத்தால்தான் முடியும். உடுமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி மக்கள் திருமூர்த்திமலைக்கு நோயாளிகளை இறக்கியதும், அந்தியூர் பர்கூர் மலையில் கத்திரிமலைக்காரர்கள் இறக்கியதும் இப்படித்தான். “ரோடு வரட்டும்” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு வருடமும் இந்தத் தூளிதான் அங்கே ஆம்புலன்ஸ்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு சாலை, மருந்தகம் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வனநிலத்தைத் தர வழி செய்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஆனால் அதே பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரம் என்று வரம்பும் வைத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலச் சாலை என்றால் ஒரு ஹெக்டேர் 3.3 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு சிறு வண்டிப் பாதை என்றால் அதே நிலத்தில் 6.6 கிலோமீட்டர் போகலாம். வெட்ட வேண்டிய மரமும் குறையும். சிறிய வண்டியும் சிறிய பாதையும் சாலைக் கோரிக்கைக்குக் குறுக்கே நிற்பதில்லை. இருக்கிற சட்டத்துக்குள்ளேயே முதலில் கிடைக்கக்கூடியது அதுதான்.

“108 இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேனின் சக்கரம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அதன் சேவை தொடங்குகிறது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள பிரசவக் காத்திருப்பு அறைகள் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாம்புக்கடிக்கு யாரும் முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது.

சென்னையில் 2015-இல் விட்ட பைக் ஆம்புலன்ஸையும் இதோடு குழப்புகிறார்கள். அது முதலுதவியாளரை நெரிசலுக்குள் சீக்கிரம் கொண்டுபோகும் வண்டி, நோயாளியை ஏற்றாது. மலைக்கு வேண்டியது படுக்க வைத்து ஏற்றும் வண்டி. சத்தீஸ்கரின் நாராயண்பூர் காட்டு ஊர்களில் பைக்கோடு பக்கப்பெட்டி இணைத்துக் கர்ப்பிணிகளை ஏற்றி வந்திருக்கிறார்கள்.

அது ஆபத்தில்லையா என்கிறார்கள். எதோடு ஒப்பிட்டு? இன்றைக்குக் காய்ச்சலில் துவண்டவரை ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துத்தானே பைக்கில் கொண்டுவருகிறார்கள்? முதுகெலும்பு முறிந்தவரைக் குலுங்கும் வண்டியில் ஏற்றக்கூடாது என்பது சரி. அவருக்கு ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. வெளிநாட்டு மலை மீட்புக் குழுக்கள் வெகுகாலமாக வைத்திருப்பதுதான். பாரத்தைச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். ஆட்கள் சாயாமல் பிடித்து நடந்தால் போதும். முதுகு நேராக இருக்கும்.

செலவைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கு மலாவி நாட்டு அனுபவம் போதும். அங்கே பிரசவ அவசரங்களுக்கு விட்ட மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ்கள் பற்றி 2008-இல் வெளியான ஆய்வின்படி, கார் ஆம்புலன்ஸைவிட வாங்கும் விலை 19 மடங்கு குறைவு, வருடாந்திர ஓட்டச் செலவு ஏறக்குறைய 24 மடங்கு குறைவு. மருத்துவமனை சேரும் தாமதம் 35 முதல் 76 சதவீதம் வரை குறைந்தது. வண்டி வாங்குவதோடு வேலை முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல், டயர், ஊர்க்காரரிலேயே ஒரு ஓட்டுநர், அவருக்கு மாதச் சம்பளம், யானை நடமாட்டம் உள்ள இரவில் துணைக்கு ஒரு ஆள். இவற்றுக்குப் பணம் ஒதுக்காவிட்டால் வண்டி துருப்பிடித்து நிற்கும்.

“கீழே குடிவந்துவிட வேண்டியதுதானே” என்பவர்களும் உண்டு. கீழே வந்தவருக்குக் கிடைப்பது எந்த இடம்? கோவையின் குளக்கரை, வாய்க்கால் ஓரக் குடியிருப்புகளில் 3 அடிச் சந்துகள் உண்டு. 2 அடி அகல ஸ்ட்ரெச்சர் அந்தச் சந்தின் முக்கில் திரும்ப வேண்டுமானால் நீளம் நாலரை அடியைத் தாண்டக்கூடாது. நாம் வைத்திருப்பது 6 அடி. அதனால்தான் நெஞ்சுவலிக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவருகிறார்கள். ஆக மலையில் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும் வேன் நிற்கும் இடத்துக்கு முந்தைய தூரம் யார் பொறுப்பிலும் இல்லை. சந்துக்கு வேண்டியது பட்டையும் பிடியும் பின்சக்கரமும் உள்ள ஒரு மடக்கு நாற்காலி.

ஒரே ஒரு பயத்தை மட்டும் நான் மறுக்கமாட்டேன். “வண்டிதான் கொடுத்தாச்சே, ரோடு எதற்கு?” என்று நாளை ஒரு அதிகாரி கேட்கக்கூடும். அதனால் இரண்டையும் ஒரே கிராம சபைத் தீர்மானத்தில், பாதையின் நீள அகலத்தோடு எழுதிக் கேட்க வேண்டும்.

பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் நம் கோவை. குழாயை வளைத்துச் சக்கரம் பூட்டி பிரேக் வைத்த ஒரு ஸ்ட்ரெச்சர் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குப் பெரிய வேலையில்லை. பட்டறை வைத்திருப்பவர்களையும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அந்தப் பாதையில் ஏறி இறங்குங்கள். தூளி சுமந்தவர்களிடம் எந்த வளைவில் கால் சறுக்கியது என்று கேட்டு, அங்கிருந்து அளவெடுக்கத் தொடங்குங்கள்.