ஸ்பானிஷ் பாஷையும் சர்வகலாசாலைக் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1867-ம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையின் நிர்வாக சபையார், 2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி ஒரு தீர்மானம் செய்தனர். அதன்படி 28 பட்டப் படிப்புகளும் 143 ஆசிரியர் ஸ்தானங்களும் ஒழிந்தன. ஒழிந்தவற்றுள் ஸ்பானிஷ் பாஷையைப் பிரதான பாடமாகக் கற்கும் படிப்பும் ஒன்று. அந்நிய பாஷை இலாகா முழுவதையுமே எடுத்துவிடுவதென்று முதலில் யோசனை கூறப்பட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் கிளர்ச்சி செய்ததன் பயனாக, ஸ்பானிஷ் பாஷையிலும் சீன பாஷையிலும் சில வகுப்புகள் மட்டும் தப்பின. இலக்கியம் போயிற்று, பேச்சு வகுப்பு நின்றது.

சபையாரின் கட்சியையும் நாம் கேட்க வேண்டும். சர்வகலாசாலைக்கு 4.5 கோடி டாலர் துண்டு விழுந்தது. 2015-ம் ஆண்டு முதல் மாணவர் தொகை சுமார் 10 சதவீதம் குறைந்துவிட்டது. தேசம் முழுவதிலும் அந்நிய பாஷைகளில் நாட்டம் தளர்ந்து வருகிறது. அங்குள்ள நவீன பாஷைச் சங்கத்தார் எடுத்த கணக்கின்படி, 2016-க்கும் 2021-க்கும் இடையில் கல்லூரிகளில் அந்நிய பாஷை கற்போர் தொகை 16.6 சதவீதம் குறைந்தது. எல்லாவற்றிலும் அதிகமாகக் கற்கப்படும் ஸ்பானிஷ் பாஷையும் இதற்கு விலக்கன்று. அம்மாகாணத்தில் ஸ்பானிஷ் பேசுவோரும் சொற்பமே. காசில்லாதபோது ஆள் வராத வகுப்பை நடத்துவானேன் என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடைதான் தவறானது.

ஸ்பானிஷ் அந்நாட்டுக்கு நேற்று வந்த பாஷையா? ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607-ல். பிளாரிடாவில் ஸ்பானியர் செயிண்ட் அகஸ்டீன் நகரை நிறுவியதோ 1565-ல். 1848-ம் ஆண்டு உடன்படிக்கையினால் மெக்ஸிகோவிடமிருந்து பெரும் நிலப்பரப்பு அமெரிக்கர் கைக்கு மாறிற்று. நிலத்தோடு ஜனங்களும் அவர்கள் பாஷையும் சேர்ந்தே வந்தன. மறு ஆண்டில் கலிபோர்னியா வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம், சட்டங்களெல்லாம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பிரசுரமாக வேண்டுமென்று விதித்தது. இன்று அந்நாட்டில் 4 கோடிக்கு மேற்பட்டோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷே. பெரியோர் இதை முன்னரே உணர்ந்திருந்தனர். 1787-லேயே ஜெபர்ஸன் தம் மருமகனுக்கு எழுதிய கடிதத்தில் ஸ்பானிஷைக் கவனத்துடன் கற்கும்படி வற்புறுத்தினார். 1819-ல் ஹார்வர்டில் ஆசிரியராக அமர்ந்த டிக்னர், 1849-ல் ஸ்பானிய இலக்கிய சரித்திரத்தை மூன்று பாகங்களாக வெளியிட்டார். அந்நாடு வறுமையிலிருந்த காலத்தில் பேணிய கல்வியைச் செல்வத்தில் மிதக்கும் காலத்திலா கைவிடுவது?

"பேச்சு வகுப்புத்தான் இருக்கிறதே, போதாதா?" என்பார் உண்டு. கைக்கருவி மூலம் பாஷை கற்பிக்கும் கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொள்ளலாமென்றுகூட அச்சர்வகலாசாலையில் யோசனை எழுந்தது. வக்கீல் தொழில் பழகியவர்களுக்கு இதன் அபாயம் நன்கு விளங்கும். 'அஹோரித்தா' என்று ஒரு ஸ்பானிஷ் சொல். வெனிஸுவேலாக்காரர் வாயில் அது 'இப்பொழுதே' என்று பொருள்படும். போர்ட்டோ ரிக்கோக்காரர் வாயில் 'பிறகு' என்று பொருள்படும். கொலை வழக்கில் சாட்சி அச்சொல்லைச் சொன்னால், அவன் எந்த ஊரான் என்று அறியாத மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? ஒரு சொல்லில் ஓர் உயிர் தொங்குமன்றோ? இதைக் கருதியே 1978-ல் அமெரிக்கக் காங்கிரஸ், மத்திய நீதிமன்றங்களில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதற்குத் தனிச் சட்டம் இயற்றிற்று. அதற்கான பரீட்சை இன்று ஸ்பானிஷில்தான் நடைபெறுகிறது. சந்தையில் விலை கேட்கக் கற்றவர் அப்பரீட்சையில் தேற மாட்டார். செர்வாண்டிஸையும், 1945-ல் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவி காப்ரியேலா மிஸ்ட்ராலையும் ஆழ்ந்து படித்து, பல தேசத்தாரின் வழக்கையும் வரலாற்றையும் அறிந்தவரே அதற்கு உரியவர்.

இன்னொன்றும் உண்டு. உயர்தரப் பள்ளிகளில் ஸ்பானிஷ் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் எங்கிருந்து வருவார்கள்? பட்டப் படிப்பிலிருந்துதான். அதை மூடினால் பள்ளிகளில் உபாத்தியாயர் குறைவர். பள்ளியில் கல்லாதவன் கல்லூரியில் அப்பாடத்தை நாடான். நாடுவோர் இல்லையென்று எஞ்சிய வகுப்பையும் மூடுவார்கள். வேரை வெட்டிவிட்டு, மரம் காய்க்கவில்லை என்று கணக்கெழுதுவது போன்றதே இது. மேலும், ஸ்பானிஷ் பேசுவோர் மலிந்த டெக்ஸஸ் வாலிபனுக்கு அப்பாஷை தெருவிலும் கிடைக்கும். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அது கலாசாலையில்தான் கிடைக்கும். பேசுவோர் குறைவு என்பது அங்கே வகுப்பை மூடுவதற்குக் காரணமன்று, வைத்துக்கொள்வதற்கே காரணம்.

சிக்கனம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சிறு கலாசாலைகள் கூடி ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். வைத்தியம், சட்டம், வர்த்தகம் கற்போர் ஸ்பானிஷை இரண்டாம் பாடமாக எடுக்கும்படி செய்யலாம். ஆனால் இரண்டாம் பாடம் நிலைத்து நிற்கவேண்டுமானால், அதைத் தாங்க முதற்பாடம் ஒன்று இருக்க வேண்டும். வரவு செலவுப் புத்தகத்தில் இவ்வாண்டு விழும் துண்டு தெரியும். ஒரு தலைமுறை அறிவில் விழும் துண்டு தெரியாது. பின்னதை எந்தக் கடன் வாங்கி அடைப்பது?