நாட்டு நடப்பும் நம் ஊர் நெடுஞ்சாலையும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

பள்ளிக்கு வரும் விருந்தினர் எவராயினும், “படித்து என்ன ஆகப் போகிறீர்கள்?” என்று கேட்டால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தயங்காமல் சொல்லும் விடை “கலெக்டர்” என்பதே. டாக்டர் என்ற விடை இரண்டாவதாகத்தான் வரும். கேட்டவரும் மகிழ்ந்து கைதட்டுவார். அடுத்து அவர் கூறும் அறிவுரையும் எப்பொழுதும் ஒன்றுதான்: “இப்போதே ஒரு நல்ல பொது அறிவுப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்யத் தொடங்குங்கள்.” பெரியவர்கள் அன்போடு சொல்வதை நாங்கள் மதிக்கிறோம். எனினும் இந்த அறிவுரை பாதிதான் சரி என்பது எங்கள் கருத்து.

இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. 21 வயது நிறைந்த பட்டதாரிகள் எழுதலாம். முதனிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும். அதைத் தாண்டினால் 1,750 மதிப்பெண்ணுக்கு முதன்மைத் தேர்வு. பிறகு 275 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. (முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். முதனிலைத் தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதவேண்டும்.) முதனிலைத் தேர்வுப் பாடத்திட்டத்தின் முதல் வரியே நடப்பு நிகழ்ச்சிகளைப் பற்றியதுதான். நாட்டிலும் உலகிலும் முக்கியமாக நடப்பவை யாவும் அதில் அடங்கும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் மாதந்தோறும் இத்தனை தொகுப்பு நூல்கள் விற்பனையாகின்றன. எந்த மாநாடு எந்த நகரில் நடந்தது, எந்தத் திட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று அவற்றில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் வேறொரு வரிசை. ஆனால் நாட்டு நடப்பு என்பது டில்லியில் நடந்து, அச்சாகி, பிறகு நம்மிடம் வந்து சேரும் பொருளா? ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் வாழும் நமக்கு அப்படித் தோன்றவே கூடாது. நம் ஊர்ச் சாலையில் நடந்தவையே பலமுறை நாட்டின் செய்தியாகியிருக்கின்றன.

இரவு பத்து மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஜன்னலோரம் தலைசாய்த்து உறங்கிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் நம் அக்காமார் வயதுப் பெண்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு வேளையில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அந்தத் தடை பெண்களுக்குச் சம உரிமையை மறுக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பும் பஸ் வசதியும் செய்து தரவேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. ஆகவே அந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ‘சமத்துவ உரிமை: பிரிவுகள் 14 முதல் 18 வரை’ என்று குடிமையியல் பாடத்தில் படிக்கிறோமே, அது இரவு பத்து மணிக்கு நம் வீட்டு வாசலைக் கடந்து போகிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நோக்கியா நிறுவனத்தின் கதை நம் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். 2006-ல் இங்கே செல்பேசி உற்பத்தி தொடங்கியது. சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் சேர்ந்தார்கள். வருமான வரித்துறையோடு வழக்கு வந்தது. நிறுவனத்தின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேராமல் நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றுபோயிற்று. உலகமயமாதலின் நன்மை தீமைகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும்போது நாம் எங்கிருந்தோ எடுத்துக்காட்டுத் தேடுகிறோம். பின்லாந்தில் எடுத்த முடிவு பெரும்புதூரில் ஒரு வீட்டுச் சமையலறையை எப்படித் தொட்டது என்று நம் தெருவிலேயே கேட்டு எழுதலாம்.

இனி, பெண்களாகிய நம்மை நேராகத் தொடும் செய்திக்கு வருகிறோம். இந்தப் பகுதியிலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. அப்படிப்பட்ட பாகுபாடு தங்களிடம் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ‘எந்தச் சட்டம்?’ என்று தேர்வில் கேட்டால், 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி ஆலைக்கு வந்தது நேற்று. ஆட்சிப் பணிக்கு வந்ததோ நம் பாட்டிமார் காலத்தில்!

அன்னா ராஜம் அம்மையாரின் கதையைப் பாருங்கள். கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டில் கன்னியர் நடத்தும் பிராவிடன்ஸ் கல்லூரியில் படித்தவர் அவர். 1951-ல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். சுதந்திர இந்தியாவில் அப்பணியில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. நேர்முகத் தேர்வில், பெண்களுக்கு வேறு பணிகளே ஏற்றவை என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர் இசையவில்லை. சென்னை மாநிலத்துக்கு வந்தபோது முதலமைச்சராயிருந்த ராஜாஜிக்கும் பெண்ணைக் களப்பணிக்கு அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் இருக்கலாமே என்றார். அம்மையார் விடாமல் வாதாடி ஓசூருக்குச் சப்-கலெக்டராகப் போனார். அவருடைய நியமன ஆணையிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று! அந்த விதி சில ஆண்டுகளில் மாறியது. அவர் பிற்காலத்தில் மணம் புரிந்து, பணியிலும் தொடர்ந்து, 1989-ல் பத்மபூஷண் விருதும் பெற்றார்.

வெளியுறவுப் பணியிலோ அந்த நீதி வர இன்னும் வெகு காலமாயிற்று. 1949-ல் அப்பணியில் சேர்ந்த முதல் பெண்மணி குடகு நாட்டு முத்தம்மா அவர்கள். சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்தவர். பெண் அதிகாரி மணம் செய்துகொள்ள அரசின் அனுமதி பெறவேண்டும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் விலகவும் வேண்டும் என்ற விதியை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்தார். ஆண் அதிகாரிக்கு மட்டும் குடும்பம் இடையூறாகாதா என்பதே வழக்கின் சாரம். விதி நீங்கியது. 1951, 1979, 2024 என்று மூன்று ஆண்டுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறவளுக்கு அவை மூன்று தேதிகள். சேர்த்துப் படிக்கிறவளுக்கோ அது ஒரே கேள்வி. இன்னும் பதில் முழுமையாக எழுதப்படாத கேள்வி.

2021 டிசம்பரில் நடந்ததையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். விடுதியில் கெட்டுப்போன உணவு உண்டதால் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பொழுது காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவரும் ஒரு பெண்ணே. சாலையில் அமர்ந்திருந்தவர்களும் பெண்கள், அவர்களிடம் பேசி அமைதிப்படுத்த வேண்டியவரும் பெண். ‘கலெக்டர்’ என்று கை தூக்குகிற நாம் அந்த இரவை நினைத்துப் பார்க்கவேண்டும். அங்கே நின்று என்ன பேசுவோம்? எந்தத் தொகுப்பு நூலிலும் அதற்கு விடை இல்லை; ஆனால் விடுதியில் எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவளுக்குப் பேசுவதற்கு ஏதேனும் இருக்கும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை அரசு திறந்தது. ‘எத்தனை படுக்கைகள்?’ என்று தேர்வில் கேட்கலாம். ஏன் கட்டவேண்டி வந்தது என்பது அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கே விளங்கும்.

அதேபோல, சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் கேட்டார்கள்; ஆனால் முதன்மையான வழக்கு, அவர்கள் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. சங்கம் அமைக்கும் உரிமை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவு நடந்தது 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின்படி. அந்தச் சட்டமோ இன்று இல்லை. 29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்திவிட்டார்கள். சம ஊதியச் சட்டமும் அவற்றில் ஒன்றனுள் கரைந்துவிட்டது. பழைய புத்தகத்தை நம்பிப் படிக்கிற அக்காமார் கவனிக்க! ஆலை முதலாளிகள் இல்லாவிட்டால் நமக்கு வேலை ஏது என்று சில பெற்றோர் கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். இரு பக்கத்தையும் எழுதத் தெரிந்தவருக்கே முதன்மைத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கிறது என்கிறார்கள்.

பரந்தூர் செய்தி நம்மில் சிலருக்கு உறவினர் வீட்டுச் செய்தி. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது முதல் ஏகனாபுரம் மக்கள் எதிர்த்து வருகிறார்கள். வயலும் ஏரியும் வீடும் போய்விடும் என்கிறார்கள். மீனம்பாக்கம் நிலையத்தில் இடம் போதவில்லை என்று அரசு சொல்கிறது. ஏகனாபுரத்தார் தம் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அந்தக் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது 73-ஆவது திருத்தம். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்னோடியாக 1989-ல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தவர் ராஜீவ் காந்தி. மக்களவையில் நிறைவேறிய அது மாநிலங்களவையில் தோற்றது. 1991 மே 21-ல் அவர் உயிர் துறந்ததோ நம் ஸ்ரீபெரும்புதூரில். ஆண்டுதோறும் அந்த நாளில் நினைவிடத்தைச் சுற்றிப் போலீஸ் வாகனங்களைப் பார்க்கிறோம். அவர் எண்ணிய சட்டத்தின் பலனாக, நினைவிடத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஒரு கிராமம் அரசையே கேள்வி கேட்கிறது என்பதை எந்த வழிகாட்டி நூலும் நமக்குச் சொல்லவில்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவர். “கல்லூரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி வீட்டில் ஆலைக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளாகியும் அந்தப் ‘பிறகு’ வரவில்லை. அவர் சம்பளத்தில்தான் தங்கையின் பள்ளிச் செலவு நடக்கிறது; ஆகையால் அவ்வேலையை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் நாட்டு நடப்புத் தெரியவேண்டும். தன் சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கு என்று கேட்கத் தெரியவேண்டும். அது கலெக்டராகப் போகிறவளுக்கு மட்டும் உரிய பாடமன்று. பெற்றோர்களே, காலையில் செய்தித்தாள் வந்ததும் அதை அண்ணன்மாரிடம் மட்டும் நீட்டாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் பஸ் பாஸ் எடுப்பதற்கு முன், கல்லூரி விண்ணப்பம் ஒன்றும் வாங்கி வைக்கும்படி வேண்டுகிறோம்.

அருட்சகோதரியரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. காலை வழிபாட்டில் ஐந்து தலைப்புச் செய்திகள் வாசிக்கிறோம். அவற்றுள் ஒன்று நம் மாவட்டச் செய்தியாக இருக்கட்டும். அது எந்தச் சட்டத்தைத் தொடுகிறது என்று வாசிப்பவளே இரண்டு வரி சொல்லட்டும். நூலகத்துக்கு வரும் நாளிதழை மாலை வரை அறிவிப்புப் பலகையில் விரித்துவைத்தால், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடுவோம். நம்மில் பலர் ஊராட்சிகளிலிருந்து வருகிறவர்கள். குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. நமக்கு வாக்கில்லை, ஓரமாக உட்கார்ந்து கேட்பதை யாரும் தடுப்பதில்லை. மே தினத்தன்று யாருக்கும் பரீட்சையும் இல்லை.